கணக்கில் 2,500 டாலர்: ஒன்றாம் வகுப்புக்கு மதச்சார்பற்ற பாடநூல்களைத் தேர்ந்தெடுப்பது

கலிபோர்னியாவில் வீட்டுக்கல்விக்கான சார்ட்டர் பள்ளிகளில் பிள்ளையின் பெயரைப் பதிந்த குடும்பங்களுக்கு, கல்வியாண்டுத் தொடக்கத்தில் பள்ளியின் இணையக் கணக்கில் ஒரு தொகை தெரியும். பள்ளிக்குப் பள்ளி அது மாறும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 2,000 டாலருக்கும் 3,500 டாலருக்கும் இடையில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்த மகிழ்ச்சியில், பேர் பெற்ற ஒரு முழுத்தொகுப்பைப் பெட்டியோடு வாங்கிவிடும் பெற்றோர் பலர். இரண்டு மாதம் போனதும் பிள்ளைக்கு அந்தத் தொகுப்பின் கணக்குப் பாடநூல் ஒத்துவரவில்லை என்பது தெரியவரும். அதற்குள் கணக்கில் பணம் தீர்ந்திருக்கும்.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி எளிமையானது. படிப்படியாக ஏற வேண்டிய பாடங்கள் இரண்டு: வாசிப்பு, கணக்கு. பணம் முதலில் அந்த இரண்டுக்கும் போகட்டும். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் நூலகமும் வீட்டில் உள்ள பொருள்களுமே பெரும்பகுதி வேலையைச் செய்யும். மொத்தத்தில் கால் பங்கை ஜனவரி வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

இது யாருடைய பணம்?

கலிபோர்னியா 1992இல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டப்படி சார்ட்டர் பள்ளி பொதுப்பள்ளிதான். அதன் பாடத்திட்டத்திலோ சேர்க்கையிலோ மதச்சார்பு இருக்கக் கூடாது. பிள்ளை வீட்டில் படித்தாலும் சட்டத்தின் பார்வையில் பொதுப்பள்ளி மாணவரே. அதனால்தான் ஒதுக்கிய தொகையில் மதப் பாடநூல் வாங்க முடியாது. பெற்றோர் சொந்தப் பணத்தில் எதையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளி நியமிக்கும் மேற்பார்வை ஆசிரியரிடம் கொடுக்கும் மாதிரிப் பயிற்சித் தாள்கள் மதச்சார்பற்றவையாக இருந்தாக வேண்டும்.

இந்தத் தொகை ரொக்கமாகக் கைக்கு வராது. பெற்றோர் பட்டியல் கொடுப்பார்கள், மேற்பார்வை ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தருவார், பள்ளி தன் பெயரில் வாங்கி அனுப்பும். எழுதித் தீர்க்கும் பயிற்சிப் புத்தகங்கள் பிள்ளைக்கே சொந்தம். பாடநூல், ஆசிரியர் கையேடு, மணிச்சட்டம், நுண்ணோக்கி போன்றவை பள்ளியின் உடைமை. ஆண்டு முடிவிலோ பள்ளியை விட்டு விலகும்போதோ அவற்றைத் திருப்பித் தர வேண்டும். நீச்சல், இசை, ஓவியம் போன்ற வகுப்புகளுக்கான கட்டணமும் இதே தொகையிலிருந்துதான் போகும்.

ஒப்புதல் தருவதில் பள்ளிகள் இவ்வளவு கண்டிப்பு காட்டக் காரணம் உண்டு. ஏ3 என்ற இணையவழி சார்ட்டர் பள்ளி வலையமைப்பு தொடர்பாக 2019இல் சான் டியேகோ மாவட்டத்தில் 11 பேர் மீது மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. அதே ஆண்டு மாநிலம் சட்டம் இயற்றி, வகுப்பறை இல்லாத புதிய சார்ட்டர் பள்ளிகளைத் தொடங்க 2020 முதல் தடை விதித்தது. தங்கள் பட்டியலில் ஒரு பொருளை ஏன் சேர்க்கிறோம், அது எந்தப் பாடத்துக்குப் பயன்படும் என்று ஒரு வரியில் எழுதித் தரும் பெற்றோருக்கு ஒப்புதல் சீக்கிரம் கிடைக்கும்.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். அலாஸ்காவில் அஞ்சல்வழிப் பள்ளித் திட்டங்கள் குடும்பங்களுக்கு ஆண்டுத் தொகை ஒதுக்குகின்றன. அந்த மாநிலச் சட்டமும் மதச்சார்பற்ற பொருள்களையே வாங்கச் சொல்கிறது. அரிசோனாவில் 2011இல் தொடங்கிய கல்வி உதவிக் கணக்குத் திட்டம் 2022இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்தது. அங்கே தொகை பெரிது, மதப் பாடநூலும் வாங்கலாம். ஆகவே ஒரு மாநிலத்துக் குடும்பம் போட்ட பட்டியல் இன்னொரு மாநிலத்துக் குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது.

அட்டையில் உள்ள சொல்லை மட்டும் நம்பலாமா?

அமெரிக்காவில் வீட்டுக்கல்விப் பாடநூல்களைப் பெரிய அளவில் அச்சிடுபவற்றில் பல கிறிஸ்தவப் பதிப்பகங்கள். புளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள அபெக்கா, தென் கரோலைனாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டும் 1970களில் தோன்றியவை. சந்தையில் இன்றும் இவை போன்ற பதிப்பகங்களுக்குப் பெரிய இடம் இருக்கிறது. அவை தம் நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் அவற்றைக் கண்டுகொள்வது எளிது. அப்போலோஜியா நிறுவனத்தின் தொடக்கநிலை அறிவியல் வரிசையின் தலைப்பிலேயே ‘படைப்பு’ என்ற சொல் இருக்கிறது.

சிக்கல் நடுவில் நிற்கும் நூல்களில்தான். இரு தரப்புக்கும் விற்க வேண்டும் என்பதற்காகச் சில நூல்கள் பரிணாமத்தையும் பூமியின் வயதையும் பேசாமலே கடந்துபோகும். அவற்றை ‘நடுநிலை’ என்று விற்பார்கள். பிரசாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை முதலில் கேட்பதே டைனோசரைப் பற்றித்தான். டைனோசர்கள் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தன, பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்ற பதிலைத் தராத அறிவியல் நூலுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதில் அர்த்தமில்லை. இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் கிடைப்பது பிள்ளையின் உரிமை.

வாங்குமுன் மாதிரிப் பக்கங்களில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். அறிவியலில் புதைபடிவங்கள் வரும் பாடம், வரலாற்றில் மனிதர்களின் தொடக்கம் பற்றிய பாடம், மொழிப் பயிற்சியில் பார்த்து எழுதக் கொடுத்த வாக்கியங்கள். மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. கையெழுத்துப் பயிற்சி என்று வாங்கிய புத்தகம் முழுக்க பைபிள் வசனங்களாக இருந்த அனுபவம் வீட்டுக்கல்விக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கக்கூடியது.

ஆசிரியரின் சொந்த நம்பிக்கையையும் நூலின் உள்ளடக்கத்தையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. கணக்கு நூலை எழுதியவர் பக்தராக இருக்கலாம். கூட்டலும் கழித்தலும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதேபோல் மதங்களைப் பற்றிக் கற்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு. கோர் நாலெட்ஜ் அறக்கட்டளையின் ஒன்றாம் வகுப்பு வரலாற்றில் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மதங்களைப் பற்றிய பகுதி உண்டு. அவை எங்கே தோன்றின, அவற்றைப் பின்பற்றுபவர்கள் எதை நம்புகிறார்கள் என்று அது விவரிக்கிறது. இப்படிச் சொல்லும் நூல் மதச்சார்பற்றதே. சூசன் வைஸ் பவரின் ‘ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்’ முதல் தொகுதி, பைபிளில் வரும் ஆபிரகாம், யோசேப்பு, மோசே கதைகளை மற்ற வரலாற்றுக் கதைகளின் வரிசையிலேயே சொல்கிறது. நடை அழகானது என்பதால் மதச்சார்பற்ற குடும்பங்களும் அதை வாங்குகின்றன. வாங்குபவர்கள் அந்த அத்தியாயங்களை ‘இவை மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகள்’ என்று சொல்லிப் படித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

முதல் செலவு வாசிப்புக்கு

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து கூறுகளை எடுத்துக் காட்டியது: சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, ஒலியையும் எழுத்தையும் இணைப்பது, தடையின்றிப் படிப்பது, சொல்வளம், பொருள் புரிதல். இவற்றில் முதல் இரண்டும் ஒழுங்கான வரிசையில் வர வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரே ஒலிக்குப் பல எழுத்து வடிவங்கள் இருப்பதால், பெற்றோர் தாமாகவே அந்த வரிசையை அமைப்பது கடினம். பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது இந்த வரிசைதான்.

மேரி ரிப்பெல் எழுதிய ‘ஆல் அபவுட் ரீடிங்’ அதற்கு நல்ல தேர்வு. 1930களில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹமும் உருவாக்கிய முறையைத் தழுவியது. எழுத்துச் சில்லுகளை நகர்த்திச் சொல் அமைப்பதும், அதுவரை கற்ற ஒலிகளை மட்டும் கொண்டு எழுதிய கதைப் புத்தகங்களும் இதன் பலம். ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்பது வரிவரியாக இருப்பதால் கற்பித்துப் பழக்கமில்லாத பெற்றோரும் நடத்தலாம். டெனிஸ் ஐடின் ‘லாஜிக் ஆஃப் இங்கிலீஷ்’ விதிகளை இன்னும் ஆழமாக விளக்குகிறது. ‘ஏன் இப்படி எழுதணும்?’ என்று துளைத்தெடுக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். சிக்கனம் வேண்டுமென்றால் நான்சி ஹாலின் ‘எக்ஸ்ப்ளோட் தி கோட்’ பயிற்சிப் புத்தகங்களும், நூலகத்தில் கிடைக்கும் ‘பாப் புக்ஸ்’ சிறு கதைகளும் சேர்ந்தாலே போதும்.

எந்த வரிசையை வாங்கினாலும் வகுப்பு எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஏற்கெனவே சரளமாகப் படிக்கலாம், அல்லது எழுத்தின் ஒலியே இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். நல்ல பதிப்பகங்கள் நிலையறித் தேர்வை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அரை மணி நேரம் ஒதுக்கி அதை முடித்துவிட்டால், பிள்ளை எந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கணக்கில் பிள்ளையின் சுபாவம் முக்கியம்

ஒன்றாம் வகுப்பில் கலிபோர்னியா எதிர்பார்ப்பது அதிகமில்லை. 20க்குள் கூட்டல் கழித்தல், 120 வரை எண்கள், பத்துகளும் ஒன்றுகளும், நீளம் அளப்பது, மணியையும் அரை மணியையும் கடிகாரத்தில் பார்ப்பது, வடிவங்கள். இதைக் கற்பிக்கும் நூல்கள் ஏராளம். அவற்றில் எது நல்லது என்ற கேள்வியைவிட, எந்த மாதிரிப் பிள்ளைக்கு எது என்ற கேள்வியே பயன் தரும்.

சிங்கப்பூர் அரசு 1980களில் உருவாக்கிய தொடக்கப்பள்ளிக் கணக்கு வரிசை, 1995ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வில் அந்நாடு முதலிடம் பெற்ற பிறகு அமெரிக்காவில் பரவியது. முதலில் கையில் பொருள், பிறகு படம், அப்புறம் எண் என்பது அதன் முறை. அந்த வழியில் வந்த ‘டைமென்ஷன்ஸ் மேத்’ 1ஏ, 1பி நூல்கள் வண்ணப் படங்களுடன் இருக்கும். படம் பார்த்துப் பேசப் பிடிக்கும் பிள்ளை இதில் ஒன்றிவிடும். ஆசிரியர் கையேட்டை விட்டுவிட்டால் இந்த வரிசையின் பாதிப் பயன் போய்விடும். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கு ஜோன் காட்டர் உருவாக்கிய ‘ரைட்ஸ்டார்ட்’ பொருந்தும். ஐந்தைந்தாக நிறம் பிரித்த மணிச்சட்டமும் சீட்டாட்டங்களும் அதன் உயிர். தாளில் எழுதும் வேலை குறைவு. ஆனால் பெற்றோர் ஒவ்வொரு பாடத்திலும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் இது சிரமம். அப்படிப்பட்ட வீட்டுக்கு மரியா மில்லரின் ‘மேத் மேமத்’ கைகொடுக்கும். பி.டி.எஃப் கோப்பாக வாங்கி அச்செடுத்துக்கொள்ளலாம். விளக்கம் பிள்ளையின் தாளிலேயே இருக்கும், விலையும் குறைவு. பக்கத்தில் கணக்குகள் நெருக்கமாக இருப்பதால் மிரளும் பிள்ளைக்குப் பாதிக் கணக்குகளைக் கொடுத்தால் போதும்.

அறிவியலும் வரலாறும்

கலிபோர்னியா பின்பற்றும் அறிவியல் தரங்களின்படி ஒன்றாம் வகுப்புக்கு ஒளியும் ஒலியும், தாவர விலங்குகளின் உறுப்புகள், பெற்றோரைப் போலிருக்கும் குட்டிகள், சூரியன் நிலா நட்சத்திரங்களின் ஒழுங்கு ஆகியவை உண்டு. கைவிளக்கு, கண்ணாடி, ரப்பர் வளையம், ஒரு தொட்டிச் செடி, மாலையில் வானம் பார்க்க ஓர் இடம் இருந்தால் பெரும்பகுதியை முடிக்கலாம்.

பணம் கொடுத்து வாங்க வேண்டியது பெற்றோருக்கான வழிகாட்டி ஒன்றுதான். உயிரியல் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் நீபல் எழுதிய நூலின் முதல் தொகுதி, மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரைக்குமானது. பருப்பொருள், உயிர்கள், ஆற்றலும் இயக்கமும், பூமியும் விண்ணும் என்ற நான்கு இழைகளாக அது செல்கிறது. எதற்கு முன் எது வர வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. மூன்றாண்டுக்கு ஒரே நூல் என்பதால் செலவும் மிச்சம். ஆனால் பெற்றோர் முன்கூட்டியே படித்துத் தயாராக வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்களுக்குப் பாண்டியா பதிப்பகத்தின் ‘ரியல் சயன்ஸ் ஒடிசி’ முதல் நிலை இருக்கிறது. செய்முறையும் பதிவுத்தாளும் ஒன்றாகவே கிடைக்கும்.

வரலாற்றுக்கு ஒரு பைசாவும் செலவிடாமலே இருக்கலாம். கோர் நாலெட்ஜ் அறக்கட்டளை தன் வரலாறு, புவியியல் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நூலகங்கள் அதற்குத் துணை நிற்கும். சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2019இலும் லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகம் 2020இலும் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டன. நைல் நதியைப் பற்றிப் படிக்கும் வாரத்தில் எகிப்து பற்றிய பத்துப் படப்புத்தகங்களை அள்ளி வந்து வீட்டில் பரப்பி வைக்கலாம், தேதி தவறினால் அபராதம் என்ற பயம் வேண்டாம்.

முழுத்தொகுப்பு யாருக்கு?

எல்லாப் பாடமும் ஒரே பெட்டியில் என்பதில் நிம்மதி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கும், பாடம் நடத்தி முன்பழக்கம் இல்லாதவர்களுக்கும் அது உண்மையான உதவி. 1975இல் தொடங்கிய ‘ஓக் மெடோ’ கதை, ஓவியம், கைவேலை வழியே மெதுவாக நகரும். ‘பிளாசம் அண்ட் ரூட்’ இயற்கையை மையமாக வைத்தது. ‘டார்ச்லைட்’ நல்ல கதைப் புத்தகங்களைச் சுற்றிப் பின்னப்பட்டது. ‘மூவிங் பியாண்ட் தி பேஜ்’ சிந்தனைப் பயிற்சிக்கு இடம் தருவது.

இவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சில தொகுப்புகளில் கணக்கு தனியாகவே வாங்க வேண்டும், அல்லது இருக்கும் கணக்குப் பகுதி மெலிந்திருக்கும். இரண்டாவது, கதைப் புத்தகங்களைச் சார்ந்த தொகுப்பில் வழிகாட்டியின் விலை குறைவு, புத்தகங்களின் விலைதான் அதிகம். வழிகாட்டியை வாங்கிக்கொண்டு, புத்தகங்களை நூலகத்தில் முன்பதிவு செய்தால் சில நூறு டாலர்கள் மிஞ்சும்.

2,500 டாலரைப் பங்கிடுவது

எடுத்துக்காட்டுக்கு ஆண்டுத் தொகை 2,500 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். வாசிப்புக்கு 350. கையெழுத்துக்கு 50. கணக்கு நூல்களுக்கும் எண்ணும் பொருள்களுக்கும் 250. அறிவியல் வழிகாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், தராசு, வெப்பமானி எல்லாம் சேர்த்து 200. உலக உருண்டைக்கும் நிலப்படத்துக்கும் 75. வண்ணம், தூரிகை, களிமண்ணுக்கு 150. தாளுக்கும் அச்சு மைக்கும் 100. இதுவரை 1,175 டாலர். நீச்சலோ இசையோ ஏதேனும் ஒரு வகுப்புக்கு 700 வைத்தால் மொத்தம் 1,875. மீதம் 625, அதுதான் கால் பங்கு.

வாங்கும் முன் பள்ளியின் இரவல் நூலகத்தைப் பார்க்க வேண்டும். பல சார்ட்டர் பள்ளிகளில் முந்தைய குடும்பங்கள் திருப்பித் தந்த பாடநூல்களும் மணிச்சட்டங்களும் அலமாரி நிறைய இருக்கும். அவற்றை இரவல் எடுத்தால் ஒதுக்கீட்டிலிருந்து ஒன்றும் கழியாது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. மதச்சார்பின்மை விதி எல்லா மதத்துக்கும் பொதுவானது. தமிழைக் கூடுதல் மொழியாகப் பட்டியலில் சேர்க்கும்போது, பக்திப் பாடல்களும் வழிபாட்டுப் பாடங்களும் நிறைந்த தொடக்கநூலுக்கு ஒப்புதல் கிடைக்காமல் போகலாம். இதிகாசக் கதையை இலக்கியமாகப் படிக்கலாம், பூசை முறையைப் பாடமாக வைக்க முடியாது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்கினால் செலவும் இல்லை, ஒப்புதல் சிக்கலும் இல்லை.

முதல் இருபது பள்ளி நாட்கள்

மேற்பார்வை ஆசிரியர் ஏறக்குறைய 20 பள்ளி நாட்களுக்கு ஒருமுறை குடும்பத்தைச் சந்திப்பார். முதல் சந்திப்பு வரை வாசிப்பும் கணக்கும் மட்டும் நடந்தால் போதும். வாசிப்புக்கு 20 நிமிடம், கணக்குக்கு 20 நிமிடம், பெற்றோர் கதை படித்துக்காட்ட அரை மணி. அந்த நாட்களில் பிள்ளை எங்கே தயங்குகிறது, எந்தப் பக்கத்தைத் தானே கேட்டு வாங்குகிறது, எந்த இடத்தில் அழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்து எதை வாங்குவது என்பதற்கு அந்த நோட்டே விடை சொல்லும். ஒரு கணக்கு நூல் தொடர்ந்து கண்ணீரில் முடிந்தால் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். நிலை தவறா, முறை தவறா என்று பார்த்து மாற்றலாம். மாற்றுவதற்குத்தான் அந்த 625 டாலர்.

ஜனவரியில் கணக்கெடுப்பு. வாசிப்பு வேகமாகப் போயிருந்தால் அடுத்த நிலையை வாங்கலாம். பிள்ளை திணறினால் வாசிப்புப் பயிற்றுநரிடம் சில வாரங்கள் அனுப்பலாம். எல்லாம் சீராக இருந்தால் பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருளுக்கு, நல்ல நுண்ணோக்கிக்கோ இசைக்கருவி வாடகைக்கோ, அந்தத் தொகை போகட்டும். கொள்முதலுக்குக் கடைசித் தேதி பெரும்பாலான பள்ளிகளில் வசந்த காலத்திலேயே வந்துவிடும். செலவழிக்காத தொகை பொதுவாக அடுத்த ஆண்டுக்கு வராது. பள்ளியில் சேரும் நாளிலேயே அந்தத் தேதியை மேற்பார்வை ஆசிரியரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்வதும், இரண்டாம் வகுப்பின் முதல் கணக்கு நூலை இந்த ஆண்டுத் தொகையிலேயே வாங்கப் பள்ளி அனுமதிக்குமா என்று அப்போதே கேட்டு வைப்பதும் நல்லது.